விளம்பரம் ஞாபகம் இருக்கிறது, பொருள் ஞாபகம் இருக்கிறதா?

கேள்வி இது: "பல ஏஜென்சிகள் எடுத்த கிரியேட்டிவ் கேம்பெயின்களில் உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏன்? கொரில்லா டிரம் வாசிக்கும் கேட்பரி விளம்பரத்தையும் மெல்பர்ன் ரயில் பாட்டையும் உலகமே கொண்டாடுகிறது. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. என் ரசனையில்தான் கோளாறா?" பட்டியல் கேட்பதுபோல ஆரம்பித்தாலும் உங்கள் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. விருது வாங்கிய ஒரு விளம்பரத்தைப் பார்த்து, இது நல்லதா இல்லையா என்று யார் சொல்லையும் கேட்காமல் முடிவுசெய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். எங்கே முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மூன்று விஷயம்: ஐடியா, அதை எடுத்திருக்கிற விதம், ஐடியாவுக்கும் பொருளுக்கும் உள்ள ஒட்டு. தெரியாதவையும் மூன்று: கிளையன்ட் கொடுத்த பிரீஃப் (விளம்பரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்பு), மீடியா பட்ஜெட், விற்பனைக் கணக்கு. "இந்த விளம்பரத்தால் விற்பனை ஏறியது" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். அதே மாதங்களில் விலை குறைந்ததா, சின்ன பாக்கெட் வந்ததா, புதிதாக எத்தனை கடைகளுக்குச் சரக்கு போனது, போட்டிக்காரர் விளம்பரத்தை நிறுத்தியிருந்தாரா, சீசன் எப்படி என்று கேளுங்கள். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விளம்பரத்தின் பங்கு. அந்தக் கழித்தலைச் செய்கிற தகவல் கிளையன்டிடம் மட்டும்தான் இருக்கும். 1968-ல் நியூயார்க்கில் தொடங்கி இப்போது இந்தியாவிலும் தருகிற எஃபி விருதுகள் பலனைப் பார்த்துக் கொடுப்பவை. கைவண்ணத்தைப் பார்த்துத் தருகிற விருதைவிட அதற்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பு தருவேன். ஆனாலும் அங்கேயும் விண்ணப்பம் எழுதுவது பெரும்பாலும் ஏஜென்சியேதான்.

தெரிகிற பகுதியைச் சோதிக்க நான்கு எளிய வழிகள் போதும். லோகோவைக் கையால் மறைத்துவிட்டு, இது யாருடையது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். அந்த இடத்தில் போட்டிக் கம்பெனி லோகோவை வையுங்கள். அப்படியே பொருந்திவிட்டால் ஐடியா இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கடைசியாக, போனில் ஒருவருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த வாக்கியத்துக்குள் பொருளின் பெயர் தானாக வருகிறதா, இல்லை கடைசியில் "ஆமா, இது அந்தக் கம்பெனி விளம்பரம்" என்று ஒட்டவைக்க வேண்டியிருக்கிறதா? ஒட்டவைக்க வேண்டியிருந்தால் அங்கேதான் பழுது.

நான்கிலும் முழு மதிப்பெண் வாங்குவது 2002-ல் ஓகில்வி ஏஜென்சி எடுத்த ஃபெவிகால் பஸ் விளம்பரம். இயக்கியவர் பிரசூன் பாண்டே. ராஜஸ்தான் பாலைவனச் சாலையில் ஒரு லொடலொட வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகிறது. கூரைமேலும் பக்கவாட்டிலும் முன்னாலும் ஈ மொய்ப்பதுபோல ஆட்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஆடுகிறார்கள், ஒருவர்கூட விழவில்லை. வண்டி நம்மைத் தாண்டிப் போன பிறகுதான் அதன் முதுகில் ஃபெவிகால் போர்டு தெரிகிறது. வசனம் கிடையாது, பசை டப்பாவை யாரும் திறக்கவில்லை, தச்சர் வரவில்லை, இரண்டு பலகைகளை ஒட்டிக்காட்டவில்லை. ஆனாலும் அந்தப் போர்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூட்டமான வண்டி. அதைப் பார்த்ததும்தான் முன்னால் பார்த்த அத்தனைக்கும் அர்த்தம் வருகிறது. வசனம் இல்லாததால் டப்பிங் தேவைப்படவில்லை. காரைக்குடியிலும் கான்பூரிலும் ஒரே இடத்தில் சிரிப்பு வரும். என் சொந்த ஊகம் ஒன்றையும் சேர்க்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பசையைத் தேர்ந்தெடுப்பவர் ஆசாரி, காசு கொடுப்பவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு அந்தப் பெயரே தெரியாது என்றால் ஆசாரி சொல்கிற விலைக்கு முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைத்தான் இந்த வேடிக்கை விளம்பரங்கள் எடுத்துவிட்டன என்று நினைக்கிறேன்.

இதே படத்தை இன்று யூடியூபில் போட்டால் தோற்கலாம். ஐந்தாவது வினாடியில் தள்ளிவிடும் பொத்தான் வந்துவிடும், பெயரோ கடைசியில்தான் வருகிறது. படம் கெட்டுப்போகவில்லை, ஊடகம் மாறிவிட்டது. பழைய கேம்பெயின்களை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது.

அச்சு விளம்பரத்தில் ஒன்றே ஒன்றைப் பாடமாக வைக்கச் சொன்னால் 1960-ல் நியூயார்க்கின் டிடிபி ஏஜென்சி ஃபோக்ஸ்வேகனுக்காகச் செய்த 'லெமன்' விளம்பரத்தைச் சொல்வேன். பக்கத்தின் மேலே மூன்றில் இரண்டு பங்கு கறுப்பு வெள்ளைப் படம், வெறும் பீட்டில் கார். கீழே ஒரே சொல், அதற்கு ஒரு முற்றுப்புள்ளி. அதற்கும் கீழே மூன்று பத்தியாகச் சின்ன எழுத்து. அமெரிக்க ஆங்கிலத்தில் கடையிலிருந்து எடுத்த நாளிலிருந்தே மக்கர் பண்ணுகிற காரை 'எலுமிச்சை' என்பார்கள். தன் காரையே தண்டம் என்று தலைப்பில் திட்டிக்கொள்ளும் கம்பெனியைப் பார்த்தவர், ஏன் என்று கீழே படிக்காமல் போக மாட்டார். படித்தால் விஷயம் வேறு. கையுறைப் பெட்டி மேலிருக்கும் குரோம் பட்டையில் ஒரு வடு. நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள், எங்கள் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார், அதனால் இந்த வண்டி அனுப்பப்படவில்லை என்கிறது காப்பி, அதாவது விளம்பர வாசகம். பிறகு எண் வருகிறது: வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் சோதிப்பது மட்டுமே வேலையாக 3,389 பேர், தினமும் தயாராவது 3,000 கார். அதாவது காரைவிடச் சோதனைக்காரர்கள் அதிகம்.

எது எதைத் தாங்கி நிற்கிறது பாருங்கள். தலைப்பு அதிர்ச்சி தருகிறது, ஆனால் சும்மா அதிர்ச்சிக்காக இல்லை. அந்த இழுப்புக்கான கடனைக் காப்பி அடைத்துவிடுகிறது. 3,389 என்ற எண்ணை "சுமார் மூவாயிரத்துச் சொச்சம்" என்று எழுதியிருந்தால் பாதி நம்பிக்கை போயிருக்கும். அதே குழு 1959-ல் செய்த, காரைப் பொடியாக ஒரு மூலையில் வைத்து மீதியை வெற்றிடமாக விட்ட விளம்பரத்தை எல்லோரும் புகழ்வார்கள். அதன் லேஅவுட்டை ஆயிரம் பேர் காப்பியடித்தார்கள். வெற்றிடத்தைக் காப்பியடிப்பது சுலபம். சொல்ல ஒரு விஷயம் இருந்ததே, அதைக் காப்பியடிக்க முடியவில்லை. டிடிபியின் பில் பெர்ன்பாக், காப்பிரைட்டரையும் ஆர்ட் டைரக்டரையும் ஒரே அறையில் ஜோடியாக உட்காரவைத்தவர். அதற்கு முன்பு எழுதியவர் தாளை மேலே அனுப்ப, வரைபவர் அதற்குப் படம் போட்டுத் தருவார். தலைப்பும் படமும் ஒன்றை ஒன்று பொய்யாக்கிக்கொண்டு நிற்கிற இந்த மாதிரி விளம்பரம் அந்தப் பழைய முறையில் பிறப்பது கடினம்.

தமிழ்க் காதுக்கு வருவோம். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களால் இன்றும் அதை ஒப்பிக்க முடியும். குழந்தை அழுகிறது, என்னாச்சு என்று கேட்கிறார் ஒருவர், உட்வர்ட்ஸ் கொடுக்கச் சொல் என்கிறார், நீ குழந்தையாக இருந்தபோது அதைத்தானே கொடுத்தேன் என்கிறார். அதே பேச்சு அம்மா, பாட்டி, அவருக்கும் மூத்தவர் என்று மேலே ஏறுகிறது. இதற்குப் பிரான்சில் நடக்கும் கான் விளம்பர விருது விழாவில் யாரும் மேடை போடவில்லை. ஆனால் போட்டி லோகோ சோதனையில் இதைவிட உறுதியான விளம்பரம் அரிது. நேற்று வந்த கம்பெனி இந்த விளம்பரத்தை எடுக்கவே முடியாது, தலைமுறைக் கணக்கு பொய்யாகிவிடும். பொருளின் வயசுதான் கதையின் தூண். மருந்தின் குணம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்; விளம்பரம் நன்றாக இருப்பது வேறு, குழந்தைக்கு என்ன கொடுக்கலாம் என்பது மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

இந்தியில் யோசித்துத் தமிழில் டப் செய்கிற வழக்கம் எத்தனையோ நல்ல ஐடியாக்களைக் கொன்றிருக்கிறது. காரணம் எளிது. தமிழ்ச் சொல் நீளம். இந்தியில் இரண்டு மூன்று துண்டாக வருவதைத் தமிழ் ஒரே சொல்லில் விகுதியோடு கோத்துவிடும். 30 வினாடி விளம்பரத்தில் பேச்சுக்கு 45 தமிழ்ச் சொற்களுக்கு மேல் போனால் குரல் கொடுப்பவர் மூச்சிரைப்பார். வாய் அசைவோடு பொருத்த வேண்டுமென்றால் இன்னும் குறைக்க வேண்டும். அதனால்தான் வாய் மூடியபிறகும் வசனம் ஓடுகிற அந்தப் பரிதாபம். இதில் தப்பித்த இரண்டைச் சொல்லலாம். லோ லின்டாஸ் ஏஜென்சி செய்த சர்ஃப் எக்ஸல் விளம்பரத்தில், தங்கை சேற்றில் விழுந்ததற்காக அண்ணன் அந்தச் சேற்றையே அடித்து உதைத்து மன்னிப்புக் கேட்க வைப்பான். சட்டையெல்லாம் சேறு. எல்லாச் சோப்புத்தூளும் கறையை எதிரியாகக் காட்டிக்கொண்டிருந்தபோது இது கறையை அன்புக்குச் சாட்சியாக்கியது. துவைக்கிற காட்சி கடைசிச் சில வினாடிதான். தமிழில் 'கறை நல்லது' என்று இரண்டே சொல். இந்தி வரியைவிட இதுதான் கச்சிதம் என்பது என் கட்சி. இன்னொன்று கேட்பரி. இந்தியில் "ஏதாவது இனிப்பு ஆகட்டுமே" என்கிற மாதிரி ஒரு பேச்சு வழக்கு. அதை அப்படியே பெயர்த்திருந்தால் செத்திருக்கும். 'ஸ்வீட் எடு, கொண்டாடு' என்று புதிதாகவே எழுதினார்கள். எடு, கொண்டாடு இரண்டும் 'டு'வில் முடிந்து காதில் ஒட்டுகின்றன, கூடவே நல்ல செய்தி சொன்னால் "ஸ்வீட் எங்கே?" என்று கேட்கிற நம் பழக்கத்திலும் போய் உட்கார்ந்துகொள்கின்றன. சாக்லேட்டைக் குழந்தைத் தின்பண்டத்திலிருந்து இனிப்புக்கடைப் போட்டிக்கு நகர்த்த வேண்டும் என்பதுதான் வேலை, அந்த வேலையைச் செய்கிறது இந்த வரி.

பிரீஃபும் மீடியாவும் தெரிந்தால் ஒரு கேம்பெயின் எப்படி வேறாகத் தெரியும் என்பதற்கு வோடஃபோன் விளம்பரங்களில் வந்த ஜூஜூ என்ற வெள்ளை உருவங்கள் நல்ல உதாரணம். 2009-ல் தேர்தல் காரணமாக ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் தினமும் அதே ஆட்கள், ஒரே மாட்சில் பல முறை விளம்பரம் வரும். ஒரே படத்தை ஓட்டினால் மூன்றாம் நாளே வெறுத்துவிடுவார்கள். சொல்ல வேண்டியதும் ஒன்றல்ல, சின்னச் சின்னதாய் பல சேவைகள். ஆகவே ஓகில்வி கிட்டத்தட்ட 30 படங்கள் என்று திட்டமிட்டது. அத்தனையையும் அனிமேஷன் செய்தால் காலம் போதாது. அதனால் வெள்ளை உடைக்குள் மெலிந்த உடல்வாகுள்ளவர்களை நுழைத்து, பெரிய தலை மாட்டி, கேப்டவுனில் வைத்து எடுத்தார் நிர்வாணா ஃபிலிம்ஸின் பிரகாஷ் வர்மா. அசைவு கார்ட்டூன் போலத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பின்னணியையும் முகபாவத்தையும் குறைந்தபட்சமாக வைத்தார்கள். பேசுவது எந்த மொழியும் இல்லை, எனவே இங்கேயும் டப்பிங் தொல்லை இல்லை. "அழகான பொம்மை" என்று மட்டும் பார்த்தால் இந்தக் கெட்டிக்காரத்தனம் கண்ணில் படாது. குறை ஒன்றும் உண்டு. பொம்மையை எல்லோருக்கும் தெரியும், எந்தப் படம் எந்தச் சேவைக்கு என்று கேட்டால் பலருக்கும் நினைவிருக்காது. அதே இயக்குநர் அதற்கு முன், வோடஃபோன் ஆவதற்கு முன்பு அந்த நிறுவனத்துக்கு இருந்த ஹட்ச் என்ற பெயருக்காக எடுத்த பக் நாய் விளம்பரத்தில் இந்தக் குழப்பமே கிடையாது: பையன் போகிற இடமெல்லாம் நாய் வருகிறது, நீ போகிற இடமெல்லாம் நெட்வொர்க் வருகிறது. அவ்வளவுதான் செய்தி.

அமுல் வெண்ணெய் ஹோர்டிங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. 1966-ல் சில்வெஸ்டர் டகுன்யா தொடங்கியது. சிலேடை எல்லா வாரமும் சிரிப்பு வரவழைக்காது, நிறைய மொக்கை. ஆனாலும் மதிக்கிறேன், காரணம் ஒப்புதல் முறை. ஒவ்வொரு வரியையும் என்னிடம் காட்டித்தான் போட வேண்டும் என்று அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் நிபந்தனை போடவில்லை. நேற்று நடந்த சங்கதிக்கு இன்று பலகை எழ வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை. மற்ற கம்பெனிகளில் பிராண்ட் மேனேஜர், அவர் மேலாளர், சட்டப் பிரிவு என்று தாள் சுற்றி வருவதற்குள் சங்கதி ஊசிப்போய்விடும். நாம் பார்க்கிற சுமாரான விளம்பரங்களில் பல, முதல் வரைவில் சுமாராக இருந்தவை அல்ல.

விருது விஷயத்துக்கு வருகிறேன். பல பிரிவுகளில் நடுவர்கள் முக்கியமாகப் பார்ப்பது விளம்பரத்தை அல்ல, அதைப் பற்றி எடுத்த இரண்டு நிமிட கேஸ் வீடியோவை. பிரச்சினை, ஐடியா, பலன் என்று மூன்று பகுதியாக, உணர்ச்சி இசையோடு இருக்கும். அதில் வருகிற எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இம்ப்ரஷன் என்றால் திரையில் எத்தனை முறை வந்தது; ஒரே ஆள் ஐந்து முறை தள்ளிவிட்டுப் போனாலும் கணக்கு ஐந்து. ரீச் என்பதுதான் ஆட்களின் எண்ணிக்கை. "இலவசமாகக் கிடைத்த மீடியாவின் மதிப்பு இத்தனை கோடி" என்றால், செய்தியில் வந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று போட்ட கணக்கு. அந்தப் பணம் யார் பைக்கும் வரவில்லை. இதைத் தாண்டி, விருதுக்காகவே செய்து, ஏதோ ஒரு மூலையில் ஒரே நாள் வெளியிட்ட 'ஸ்கேம்' விளம்பரங்களும் உண்டு. 2025 கான் லயன்ஸில் பிரேசிலின் டிஎம்9 ஏஜென்சிக்குக் கொடுத்த கிராண்ட் பிரி என்ற முதல் பரிசு திரும்பப் பெறப்பட்டது. கேஸ் வீடியோவில் செய்திச் சேனல் காட்சியைச் செயற்கை நுண்ணறிவால் மாற்றிச் செருகியிருந்தார்கள். நீங்கள் சமூக ஊடகத்தில் பார்த்து வியப்பதும் அநேகமாக இந்தக் கேஸ் வீடியோக்களைத்தான். தெருவில், டிவியில், போனில் அந்த விளம்பரம் எந்த வடிவத்தில் வந்தது என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒட்டாத இரண்டு. 2007-ல் லண்டன் ஃபாலன் ஏஜென்சியின் ஹுவான் கப்ரால் எடுத்த கொரில்லா, என் நான்கு சோதனைகளிலும் ஏறக்குறைய தோற்கிறது. 90 வினாடி. ஊதாப் பின்னணி, ஃபில் காலின்ஸ் பாட்டு, கண்மூடி மூச்சிழுத்துக் காத்திருக்கிற ஒரு கொரில்லா, சரியான இடத்தில் டிரம் அடி. சாக்லேட் எங்கே? கடைசிக் காட்சி வரை கிடையாது. டிரம் விற்கிற கடை லோகோ போட்டால் இன்னும் பொருந்தும். ஆனால் பிரிட்டனில் அதற்கு முந்தைய வருடம்தான் சால்மோனெல்லா பயத்தால் கேட்பரி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சாக்லேட்டுகளைத் திரும்ப எடுத்திருந்தது. அந்த நேரத்தில் "எங்கள் சாக்லேட் நல்லது" என்று வாதாடினால் நோயைத்தான் ஞாபகப்படுத்தியிருக்கும். வாதமே செய்யாமல் ஒன்றரை நிமிடம் சந்தோஷப்படுத்தி, தங்கள் ஊதா நிறத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்த இடத்தில் அது சரி என்றே நினைக்கிறேன். சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது: மறுவருடம் அதே பாணியில் விமான நிலைய வண்டிகளை ஓடவிட்டு ஒரு படம் எடுத்தார்கள், கொரில்லாவைச் சொல்கிற வாய் அதைச் சொல்வதில்லை. சால்மோனெல்லா சமாச்சாரம் தெரியாமல் யூடியூபில் தனியாகப் பார்த்த உங்களுக்கு அது ஒட்டாதது இயல்பு.

மெல்பர்ன் ரயில் பாட்டு வேறு கதை. ரயில் அருகே கவனமாக இருங்கள் என்று சொல்ல 2012-ல் மெட்ரோ ட்ரெயின்ஸ் நிறுவனத்துக்காக மெக்கேன் ஏஜென்சி செய்தது, 2013 கானில் ஐந்து கிராண்ட் பிரி. மூன்று நிமிடப் பாட்டில் குட்டிக் கார்ட்டூன் உருவங்கள் ஒவ்வொன்றாக முட்டாள்தனமாகச் சாகின்றன. ரயில் சம்பந்தப்பட்ட சாவு கடைசி மூன்றுதான்: நடைமேடை விளிம்பில் நிற்பது, மூடிய கேட்டைச் சுற்றி வண்டி ஓட்டுவது, தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பது. முன்னால் கரடியைக் குச்சியால் குத்துகிற மாதிரியான அபத்தங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு இங்கே வரும்போது, தண்டவாளத்தில் குறுக்கே ஓடுவதும் அதே வரிசையில் சேர்ந்துவிடுகிறது. கெத்தாக நினைத்த செயல் அசட்டுத்தனமாகிவிடுகிறது. எச்சரிக்கைப் பலகையைக் கண்டுகொள்ளாத இளைஞனுக்கு இது நல்ல கணக்கு, ஐடியா எனக்குப் பிடிக்கும். ஆனால் பாதியில் நிறுத்தியவர் ரயிலையே பார்த்திருக்க மாட்டார், உலகம் முழுக்கப் பார்த்த கோடிக்கணக்கானோரில் மெல்பர்ன் ரயிலில் ஏறுபவர் சொற்பம். விபத்துகள் குறைந்தன என்று நிறுவனம் சொன்னது. ஆனால் ஒரு நகரத்து ரயில் விபத்து எண்ணிக்கை சின்னது, ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். கேட்டு மாற்றினாலும் வேலி போட்டாலும் மாறும். அந்தக் குறைவில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. நீங்கள் ரயில் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தால், ஒருமுறை கடைசி அரை நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.